மன்றமும் திடலும்: கோலாலம்பூர் மெர்டேக்கா சதுக்கத்தின் வரலாறு



மொழியியல் கற்றவர் வரலாறு பேச முன்வந்தால் அதற்கொரு காரணம் வேண்டும். எமக்கு அக்காரணம் ஒரு சொல்லாக வாய்த்தது. மேருவில் நாம் சிறுவராயிருந்த காலத்தில், கோலாலம்பூர் நகரின் நடுவேயுள்ள அகன்ற புல்வெளியை எம் தந்தையாரும் அவரையொத்த தோட்டத்து மூத்தோரும் ‘பாடாங்’ என்றே வழங்குவர். பள்ளியில் ஆசிரியர் அதனைத் ‘திடல்’ என்றார். பின்னாளில் வானொலியும் நாளிதழ்களும் ‘டத்தாரான் மெர்டேக்கா’ என்றும் ‘மெர்டேக்கா சதுக்கம்’ என்றும் சொல்லத் தொடங்கின. இடம் ஒன்று, ஒரு வாழ்நாளுக்குள் அதற்கு நாம் கேட்ட பெயர்கள் நான்கு. ஓரிடத்தை ஒரு மக்கள் எப்பெயரால் அழைக்கின்றனர் என்பது, அவ்விடத்தில் அவர்கள் எங்கே நின்றனர் என்பதையும் உடன் சொல்லிவிடும். இந்நான்கு பெயர்களையும் கைவிளக்காகக் கொண்டு அப்புல்வெளியின் வரலாற்றைக் காண்பதே இச்சொற்பொழிவின் நோக்கம்.

சேற்றின் நடுவே ஒரு திடல்

‘கோலா’ என்பது ஆறுகள் கூடும் இடம் அல்லது முகத்துவாரம். ‘லும்பூர்’ என்பது சேறு. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் சேற்றுநிலத்தில் ஈயச் சுரங்கத்தார் அமைத்த குடியிருப்பே இந்நகரின் தொடக்கம். கூடல்துறைக்குக் கிழக்கே சீனர் கடைகளும் சந்தையும் பெருகின. மேற்கே, இன்று மெர்டேக்கா சதுக்கம் இருக்கும் பக்கம், தாழ்ந்த ஈரநிலமும் அதனையடுத்துக் குன்றும் இருந்தன.

சிலாங்கூரின் நிருவாகத் தலைமையிடம் அக்காலத்தில் கிள்ளானில் இருந்தது என்பதை நம் கிள்ளான் வட்டாரத்து இளையோர் பலர் அறியார். 1880இல் ஆங்கிலேயர் அத்தலைமையிடத்தைக் கோலாலம்பூருக்கு மாற்றினர். வந்தவர்கள் சந்தைப் பக்கம் தங்காமல் ஆற்றுக்கு மேற்கே குன்றின்மேல் இடம் பிடித்தனர். குன்றின் அடியிலிருந்த வெளி காவலர்களின் அணிவகுப்புப் பயிற்சிக்கு உதவியது. 1884இல் சிலாங்கூர்க் கிளப் நிறுவப்பட்டபின், மேடுபள்ளமாகவும் சதுப்பாகவும் கிடந்த அந்நிலம் கிரிக்கெட் ஆட்டத்துக்கெனச் சமன்படுத்தப்பட்டது. அதுவே பாடாங். மலாய்மொழியில் ‘பாடாங்’ என்பது மரமற்ற திறந்தவெளியைக் குறிக்கும்.

இனி, ஆசிரியர் சொன்ன ‘திடல்’ என்னும் சொல்லைக் காண்போம். நீர்நிலைக்கும் நன்செய்க்கும் நடுவே உயர்ந்து நிற்கும் மேட்டுநிலமே அதன் முதற்பொருள். ‘திட்டு’, ‘திட்டை’ என்பன அதன் உறவுச் சொற்கள். விளையாட்டு வெளி, கூட்டம் கூடும் வெளி என்னும் பொருள்கள் பின்னர் விரிந்தவை. சேற்றுக் கூடலின் கரையில் மண்ணிட்டு உயர்த்திச் சமன் செய்த ஒரு வெளிக்கு இதனினும் பொருந்தும் சொல் தமிழில் இல்லை. அவ்வூரின் பெயர் சேற்றைச் சொல்கிறது. நாம் வழங்கிய சொல் சேற்றில் கால் ஊன்றக் கிடைத்த மேட்டைச் சொல்கிறது.

செங்கல்லும் இருப்புப்பாதையும்

1881ஆம் ஆண்டில் கோலாலம்பூர் ஒரு பெருந்தீயையும் ஒரு பெருவெள்ளத்தையும் கண்டது. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆன நகரம் பெரும்பகுதி அழிந்தது. மறு ஆண்டு ஆட்சிப் பொறுப்பேற்ற பிராங்க் சுவெட்டன்காம், வீடுகளைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்னும் கொள்கையை நடைமுறைப்படுத்தினார். செங்கற்சூளைகள் பெருகிய பகுதிக்குப் பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயர் நிலைத்தது. 1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கு அருகிலுள்ள புக்கிட் கூடாவுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டது. அப்பாதையில் வேலை செய்யத் தமிழகத்திலிருந்து தொழிலாளரும், அலுவலகங்களில் எழுத்து வேலை பார்க்க யாழ்ப்பாணத்துத் தமிழரும் வந்தனர். இருதிறத்தாரும் பிரிக்பீல்ட்சில் குடியமர்ந்தனர்.

1894இல் பாடாங்கின் கிழக்கு விளிம்பில் அரசு அலுவலகக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கட்டடக் கலைஞர் நார்மன் முதலில் வரைந்த ஐரோப்பிய வடிவத்தைப் பொதுப்பணித்துறைத் தலைவர் ஸ்பூனர் ஏற்கவில்லை. இலங்கையில் பணியாற்றி வந்தவர் அவர். இந்தியாவில் ஆங்கிலேயர் கைக்கொண்ட குவிமாடமும் வளைவும் கலந்த பாணியே இந்நிலத்துக்கு ஏற்றது என்று அவர் கருதினார். பிட்வெல் அவ்வாறே வரைந்து கொடுத்தார். ஏறத்தாழ 40 லட்சம் செங்கற்களைக் கொண்டு 1897இல் கட்டடம் நிறைவெய்தியது. 41 மீட்டர் உயர மணிக்கூண்டு அதன் நடுவே எழுந்தது. இன்று அதனைச் சுல்தான் அப்துல் சமாட் கட்டடம் என்கிறோம்.

இப்பாணி நம்மவர்க்குப் புதியதன்று. சென்னை உயர்நீதிமன்றக் கட்டடம் 1892இல் இதே பாணியில் திறக்கப்பட்டது. சென்னையில் கப்பலேறும் முன் அந்தக் குவிமாடங்களைப் பார்த்த ஒருவர், இங்கு வந்து இந்தக் குவிமாடங்களைக் கண்டபோது, கடல் கடந்தும் அதே ஆட்சியின்கீழ்தான் இருக்கிறோம் என்பதை உணர்ந்திருப்பார். அடுத்த சில ஆண்டுகளில் புல்வெளியைச் சுற்றித் தேவாலயம், அஞ்சல் தலைமையகம், இருப்புப்பாதைத் தலைமையகம், வங்கி எனக் கட்டடங்கள் நிறைந்தன. 1909இல் கூடல்துறையிலேயே மஸ்ஜித் ஜாமேக் எழுந்தது. சமயம், வணிகம், நீதி, போக்குவரத்து ஆகிய அனைத்தும் ஒரு புல்வெளியைச் சுற்றி அமர்ந்தன. நடுவில் வெள்ளையுடையணிந்தோர் கிரிக்கெட் ஆடினர்.

புல்லின் விளிம்பில்

அவ்வெளியில் தமிழர் எங்கே நின்றனர்? ஒருவரை மட்டும் கிளப்பின் உள்ளே காண்கிறோம். சிலாங்கூர்க் கருவூலத்தில் உயர்பதவி வகித்தவரும், 1873இல் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோயிலை நிறுவியவருமான க. தம்புசாமிப் பிள்ளை அதன் தொடக்ககால உறுப்பினருள் ஒருவர். அவரைத் தவிர மற்றையோர் வெளியே இருந்தனர். புல் வெட்டியோர், சாலை போட்டோர், தண்டவாளம் பதித்தோர் ஆகியோரின் பெயர்கள் அக்கட்டடங்களின் கல்வெட்டுகளில் இல்லை. கட்டடத்துக்கு எத்தனை செங்கல் செலவாயிற்று என்பதற்குக் கணக்கு உண்டு. எத்தனை கைகள் சுமந்தன என்பதற்குக் கணக்கு இல்லை.

இப்புறக்கணிப்பின் ஆழத்தை உணரக் கோலாலம்பூரை விட்டு நம் கிள்ளானுக்கு வரவேண்டும். வார இறுதியில் கிளப் முகப்பில் அமர்ந்த தோட்டத்துரைமாரின் ஆட்சி, மற்ற நாள்களில் தோட்டங்களில் நடந்தது. துரை எதிரே வந்தால் தொழிலாளி மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்க வேண்டும் என்பது அங்கு எழுதப்படாத சட்டம். 1941ஆம் ஆண்டு மார்ச்சு முதல் மே வரை கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும், மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பனவும் அவர்களின் கோரிக்கைகள். அவர்களை ஒருங்கிணைத்த ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வரவழைக்கப்பட்டது. தொழிலாளர் ஐவர் உயிர் துறந்தனர்.

வயிற்றுக்கான கோரிக்கையையும் மானத்துக்கான கோரிக்கையையும் அத்தொழிலாளர் ஒரே தாளில் எழுதினர் என்பது நம் வரலாற்றில் பொன்னெழுத்தால் பொறிக்கத்தக்க செய்தி. எம் பாட்டனார் அந்நாளில் மேருவையடுத்த தோட்டமொன்றில் பால்மரம் வெட்டியவர். மிதிவண்டி வாங்க அவரிடம் பணமில்லை. ஆயினும் இறங்க மாட்டோம் என்ற கூட்டத்தில் அவரும் நின்றார். இல்லாத வண்டியிலிருந்து இறங்க மறுத்தார் என்று எம் பாட்டியார் பிற்காலத்தில் நகையாடுவார். அந்நகைப்பில் ஒரு பெருமிதமும் இருந்தது.

விளக்கணைந்த இரண்டு நிமிடங்கள்

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் நாள் இரவு அப்பாடாங்கில் மக்கள் திரண்டனர். நள்ளிரவுக்குச் சற்றுமுன் விளக்குகள் அணைக்கப்பட்டன. இருளில் இரண்டு நிமிடங்கள் கழிந்தன. மணிக்கூண்டு பன்னிரண்டு அடித்தபோது விளக்குகள் எரிந்தன. யூனியன் ஜாக் இறங்கியது. மலாயாவின் கொடி ஏறியது. துங்கு அப்துல் ரகுமான் அங்கிருந்தார். மறுநாள் காலை மெர்டேக்கா அரங்கில் அவர் விடுதலைப் பறைசாற்றலைப் படித்து ஏழுமுறை ‘மெர்டேக்கா’ என முழங்கினார். அந்தக் காலை நிகழ்ச்சியைப் படங்களில் அனைவரும் கண்டுள்ளோம். கொடி மாறியதோ முந்திய நள்ளிரவில், இப்புல்வெளியில்.

எம் தந்தையார் அவ்விரவு அங்கிருந்தார். தோட்டத்து இளைஞர் சிலரோடு லாரியொன்றில் ஏறிச் சென்றாராம். என்ன கண்டீர்கள் என்று நாம் பன்முறை கேட்டதுண்டு. கொடியைப் பற்றியோ உரையைப் பற்றியோ அவர் மிகுதியாகச் சொன்னதில்லை. “வெளக்கு அணஞ்சிச்சுப்பா. பக்கத்துல நிக்கிறது சீனனா, மலாய்க்காரனா, நம்ம ஆளா, ஒண்ணும் தெரியல. பாடாங்கு நடுவுல செருப்போட நின்னேன். யாரும் போன்னு சொல்லல.” இவ்வளவுதான் அவர் விடையளித்தது. வரலாற்று நூல்கள் அந்த இருளை நிகழ்ச்சி ஒழுங்கின் ஒரு பகுதியாக ஒரு வரியில் குறிக்கும். மிதிவண்டியிலிருந்து இறங்க மறுத்தவரின் மகனுக்கோ, தம்மை எவரும் விலகச் சொல்லாத முதல் இரண்டு நிமிடங்கள் அவை.

அந்த இரவு எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. குடியுரிமைத் தாளுக்காகவும் தோட்டத் துண்டாடலாலும் நம்மவர் பட்ட துயரங்கள் அதன்பின் வந்தவை. ஆயினும் விளிம்பில் நின்றவர் நடுவில் நின்ற ஓர் இரவு உண்டு. அதற்குச் சாட்சி சொல்லும் மணிக்கூண்டு இன்றும் உண்டு.

பெயர் மாறிய காலம்

விடுதலைக்குப் பின்னும் முப்பது ஆண்டுகள் புல்வெளி கிளப்பின் கிரிக்கெட் வெளியாகவே இருந்தது. 1987இல் அது கோலாலம்பூர் மாநகர் மன்றத்தின் பொறுப்புக்கு வந்தது. 95 மீட்டர் உயரக் கொடிக்கம்பம் நடப்பட்டது. 1990ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் ‘டத்தாரான் மெர்டேக்கா’ எனப் பெயர் சூட்டப்பட்டது.

‘டாத்தார்’ என்றால் சமமான, தட்டையான என்று பொருள். ‘-அன்’ விகுதி சேர்ந்து சமவெளியைக் குறிக்கும். ‘மெர்டேக்கா’வின் வரலாறு இன்னும் சுவையானது. பெருஞ்செல்வமும் ஆற்றலும் உடையவன் என்னும் பொருளுள்ள ‘மகர்த்திக’ என்னும் வடசொல்லிலிருந்து வந்தது அது. டச்சுக்காரர் ஆண்ட பத்தாவியாவில், அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவரை இச்சொல்லின் திரிபாலேயே குறித்தனர். செல்வரைச் சுட்டிய சொல் விடுபட்ட அடிமையைச் சுட்டியது. பின் விடுபட்ட நாட்டையே சுட்டியது. மேலிருந்து கீழிறங்கிப் பின் அனைவர்க்கும் உரியதான சொல் இது. பாடாங்கின் வரலாறும் அத்தகையதே.

தமிழில் நாம் வழங்கும் ‘சதுக்கம்’ நான்கு தெருக்கள் கூடும் இடத்தைக் குறித்த சொல். வடமொழிச் ‘சதுஷ்க’ பாகதத்தில் திரிந்து தமிழுக்கு வந்தது. சிலப்பதிகாரத்திலேயே இது இடம்பெற்றுள்ளது. காவிரிப்பூம்பட்டினத்தின் ஐவகை மன்றங்களை இளங்கோவடிகள் அடுக்கிச் சொல்வார். அவற்றுள் பூதசதுக்கம் ஒன்று. அங்குள்ள பூதம் பொய்ச்சான்று கூறுவோரையும் தீயொழுக்கத்தாரையும் தண்டிக்கும். நெடுங்கல் நின்ற மன்றம் ஒன்று. பாவை மன்றம் மற்றொன்று. அரசன் முறை தவறினாலோ அவை நடுநிலை பிறழ்ந்தாலோ அங்குள்ள பாவை வாய் திறவாது கண்ணீர் உகுக்கும். ஊரின் பொதுவெளிக்கு ஓர் அறக்கடமை உண்டு என்பதே தமிழ் மரபு கண்ட கருத்து.

‘மன்றம்’ என்னும் சொல்லுக்கு நேர்ந்ததையும் இங்கே நினைக்க வேண்டும். ஊர் நடுவே மரத்தடியில் அனைவரும் கூடிய வெளியிடத்தை அது சுட்டியது. இன்று நீதிமன்றம், நாடாளுமன்றம், மாநகர் மன்றம், இலக்கிய மன்றம் என எல்லாம் கூரைக்குள் புகுந்துவிட்டன. சுல்தான் அப்துல் சமாட் கட்டடத்தில் உயர்நீதிமன்றம் இயங்கிய ஆண்டுகளில், கூரையுள்ள மன்றம் சாலைக்கு ஒருபுறமும் கூரையற்ற மன்றம் மறுபுறமும் இருந்தன. முன்னதை மட்டுமே நாம் மன்றம் என்றோம்.

சியோல் நகரத்துச் சதுக்கம்

இவ்விடத்தில் நம்மைப் போலவே அயலாட்சி கண்ட மற்றொரு நாட்டின் சதுக்கத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன்தரும். தென்கொரியத் தலைநகர் சியோலில், கியோங்போக் அரண்மனை வாயிலுக்கு முன்னே குவாங்வாமுன் சதுக்கம் உள்ளது. சோசன் அரசர் காலத்தில் அமைச்சகங்கள் வரிசையாக நின்ற பெருந்தெரு அது. ஜப்பானியர் கொரியாவை ஆண்டபோது, அரண்மனையை மறைக்கும்படி தம் ஆட்சித் தலைமையகத்தைக் கட்டி 1926இல் முடித்தனர். விடுதலையின் 50ஆம் ஆண்டு நிறைவான 1995 ஆகஸ்டு 15 அன்று கொரியர் அக்கட்டடத்தை இடிக்கத் தொடங்கினர். நாம் ஆங்கிலேயர் கட்டடத்தை இடிக்கவில்லை. அதன் எதிரே நம் கொடியை ஏற்றினோம். இரண்டில் எது சரி என்று தீர்ப்பளிப்பது எம் நோக்கமன்று. நம்மவர் சுமந்த செங்கல்லும் அச்சுவரில் இருப்பதால், அது நிற்பதில் எமக்கு மகிழ்ச்சியே.

2009இல் சதுக்கம் புதுப்பிக்கப்பட்டபோது கொரியர் அங்கு மன்னர் செசோங்கின் சிலையை நிறுவினர். எளிய மக்களும் எழுதப் படிக்க வேண்டும் என்று 1443இல் கொரிய எழுத்தை உருவாக்கி 1446இல் அறிவித்த மன்னர் அவர். சிலையைத் திறந்த நாளும் கொரிய எழுத்து நாளான அக்டோபர் 9. ஒரு நாட்டின் நடுவெளியில் மொழிக்கு இடம் கொடுத்த செயல் மொழி மன்றத்தாராகிய நம் உள்ளத்தைத் தொடுவது. அதே சதுக்கத்தில் 2016, 2017ஆம் ஆண்டுகளில் மக்கள் வாரந்தோறும் மெழுகுவத்தி ஏந்திக் கூடினர். அதிபரின் பதவி நீக்கத்தை 2017 மார்ச்சில் அரசமைப்பு நீதிமன்றம் உறுதி செய்தது. நம் சதுக்கமோ 2012 ஏப்ரலில் ஒரு பேரணியை முன்னிட்டு முள்வேலியிட்டு மூடப்பட்டது. மக்கள் சுற்றுத் தெருக்களில் நின்றனர். விடுதலை என்னும் பெயர் சூடிய வெளிக்கு எப்போது, யாருக்கு வாயில் திறக்கும் என்னும் வினா இன்னும் முடிந்துவிடவில்லை.

நமக்குள்ள கடமை

நான்கு பெயர்களையும் மீண்டும் எண்ணிப் பார்ப்போம். ‘பாடாங்’ என்றவர்கள் விளிம்பில் நின்று பிறர் சொல்லைக் கேட்டுச் சொன்னவர்கள். ‘திடல்’ என்றவர்கள் அதில் கால் ஊன்ற விரும்பியவர்கள். ‘டத்தாரான் மெர்டேக்கா’ என்போர் குடிமக்களாய் நாட்டின் மொழியில் அழைப்பவர்கள். ‘சதுக்கம்’ என்போர் அதனைத் தம் மொழிக்குள் கொணர்ந்தவர்கள். இவற்றுள் ஒன்றை நிறுத்தி மற்றவற்றைக் களைய வேண்டுவதில்லை. நான்கும் சேர்ந்ததே நம் வரலாறு.

களைந்துவிடும் அச்சம் வேறிடத்தில் உள்ளது. 1957இல் பத்து வயதுச் சிறுவராய் அப்புல்லில் நின்றவர் இன்று எண்பதை நெருங்கியவர் அல்லது கடந்தவர். எம் தந்தையார் மறைந்துவிட்டார். அவர் சொன்ன நான்கு தொடர்களையும் அவர் குரலில் பதிந்து வைக்கவில்லையே என்னும் குறை எமக்குண்டு. மொழியியல் களப்பணிக்கென்று ஒலிப்பதிவுக் கருவியைத் தோளில் மாட்டிக்கொண்டு பல ஊர்கள் திரிந்த நாம், வீட்டுத் திண்ணையில் அதனை ஒருநாளும் இயக்கவில்லை. பிறர் பிழையைச் சுட்டுவது எளிது. இஃது எம் பிழை.

ஆகவே கேட்டுக்கொள்வது ஒன்றே. கிள்ளானிலும் மேருவிலும் காப்பாரிலும் பிரிக்பீல்ட்சிலும், அவ்விரவில் பாடாங்கில் நின்ற முதியோர் இன்னும் இருக்கலாம். இன்று இங்குள்ள இளையோர் இல்லந்திரும்பியதும் தம் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லும் மொழியிலேயே பதிவு செய்ய வேண்டும். செந்தமிழாக்கித் திருத்த வேண்டா. ‘பாடாங்கு’ என்று அவர் சொன்னால் அவ்வாறே எழுதுக. செங்கல்லைச் சுமந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கொடியேறக் கண்டவர்களின் பெயர்களையேனும் இம்மன்றத்தின் ஏட்டில் ஏற்றி வைப்போம்.